கடப்பாரை கொண்டு வராத கோர்ட்டு

கோர்ட்டு உத்தரவை நேர்ல வந்து நிறைவேத்துற ஊழியர், அதான் அமீனா, அவரு வர்ற அன்னைக்கு எங்கப்பா காலைலயே சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட திண்ணைல ரெடியா உக்காந்திருந்தாரு. பாதைத் தகராறு, பதினாறு வருஷ கேஸ். முன்சீப் கோர்ட்ல ஜெயிச்சோம், எதிர்பார்ட்டி அப்பீல் போனாங்க, சப் கோர்ட்லயும் ஜெயிச்சோம், அப்புறம் மதுரை ஹைகோர்ட் பெஞ்சுக்கு செகண்ட் அப்பீல் போனாங்க, அதுவும் தள்ளுபடி. அதுக்கு மேல, ஜெயிச்ச தீர்ப்பை நடத்தித் தரச் சொல்லி நிறைவேற்று மனுன்னு ஒண்ணு தனியா போட்டு, அதுக்கு ரெண்டு வருஷம் வாய்தா வாங்கி, கடைசியா "வேலியை அகற்றிப் பாதையைத் திறந்து விடவும்"னு ஆர்டர் வாங்கியாச்சு. இன்னைக்கு கோர்ட்டே நேர்ல வருது, அப்பா மூஞ்சில கல்யாண வீட்டுக் களை.

அமீனா டிவிஎஸ் ஃபிஃப்டில வந்தாரு, தோள்ல ஒரு ரெக்ஸின் பை. வேலி முன்னாடி நின்னு பேப்பரை எடுத்து சத்தமா படிச்சாரு. எதிர்பார்ட்டி வேற யாரும் இல்ல, எனக்கு பெரியப்பா முறை, அப்பாவோட பங்காளி. அவரு வேப்ப மரத்தடில கயித்துக் கட்டில்ல உக்காந்து முழுசையும் பொறுமையா கேட்டுட்டு, "சரிங்கய்யா, கோர்ட்டு சொன்னா சரிதான், எனக்கு முதுகு வலி, குனிய முடியாது, நீங்களே எடுத்துக்கங்க"ன்னாரு. அவரோட ரெண்டு பசங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. ஊன்றின கல்லு மொத்தம் பதினாலு, நாலு வரிசை முள்கம்பி. அப்பா அமீனாவைப் பாக்குறாரு, அமீனா கல்லைப் பாக்குறாரு.

"அய்யா, நான் பேப்பர்தான் கொண்டு வந்திருக்கேன், கடப்பாரை கொண்டு வரல"ன்னாரு அமீனா. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. ஆளு நாமதான் பிடிக்கணுமாம், தகராறு வரும்னா போலீஸ் பாதுகாப்பு கேட்டு தனியா மனு போடணுமாம். அப்புறம் டிவிஎஸ் சீட்டு மேலயே பேப்பரை வச்சு, எதிர்ப்பு இருந்ததால நிறைவேத்த முடியலன்னு எழுதி, அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு, பெரியப்பா வீட்டுல குடுத்த மோரையும் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஒத்தை ஆளு, ஒரு பேனா, ஒரு ரெக்ஸின் பை, அவரால என்ன பண்ண முடியும்.

இந்தக் கதையை இப்ப எதுக்கு எழுதுறேன்னா, எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல போன வாரம் ஒரு சண்டை. என் சித்தப்பா பையன் ஒருத்தன், நல்லா படிச்சவன், "இந்த ஜட்ஜுங்களுக்கு இவ்ளோ பவர் யாரு குடுத்தா, ஓட்டு வாங்கி வந்தாங்களா"ன்னு ஒரு நீளமான மெசேஜ் போட்டான். அதுக்கு மாமா ஒருத்தர் "கோர்ட்டாவது மண்ணாவது, காசு இருக்கிறவனுக்குத்தான் தீர்ப்பு"ன்னு பதில் போட்டாரு. ஒருத்தன் கோர்ட்டுக்கு எல்லாப் பவரும் இருக்குங்கிறான், இன்னொருத்தர் ஒண்ணுமே இல்லங்கிறாரு. ரெண்டையும் படிச்சப்ப எனக்கு அந்த அமீனாதான் ஞாபகம் வந்தாரு. குரூப்ல எழுதுனா நூறு தம்ஸ் அப்புக்கு நடுவுல காணாமப் போயிடும், அதான் இங்க.

அமெரிக்காவுல அவங்க அரசியல் சட்டம் புதுசா வந்த நேரம், 1788ல, அலெக்ஸாண்டர் ஹாமில்டன் ஒரு கட்டுரைல இதை நேரடியாவே சொல்லிட்டாரு. ஆட்சி நடத்துறவன் கைல வாள் இருக்கு, சட்டசபை கைல பணப்பை இருக்கு, கோர்ட்டு கைல ரெண்டும் கிடையாது, அதுகிட்ட இருக்கறது அதோட தீர்ப்பு மட்டும்தான், அதை நடத்தி வைக்கவும் அடுத்தவன் கையத்தான் எதிர்பாக்கணும்னு. மூணு கிளைல அதுதான் வலு குறைஞ்சதுன்னு அவரு சொன்னது கோர்ட்டைப் பாத்து பயப்படாதீங்கன்னு ஜனங்களைச் சமாதானப்படுத்த. எங்க பெரியப்பா அதெல்லாம் படிச்சதில்ல, ஆனா விஷயம் அவருக்கு அத்துப்படி.

நம்ம ஊர்ல காகிதத்துல பாத்தா கோர்ட்டுக்கு பவர் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆர்ட்டிகிள் 13ன்படி அடிப்படை உரிமைக்கு எதிரா சட்டம் போட்டா அது செல்லாது. ஆர்ட்டிகிள் 32ன்படி உரிமை பறிபோனா நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போகலாம், அம்பேத்கர் இதைத்தான் அரசியல் சட்டத்தோட உயிரும் இதயமும்னு சொன்னாரு. ஹைகோர்ட்டுக்கு ஆர்ட்டிகிள் 226, ரிட்டு போடுறதுன்னு நாம சொல்றமே அது. அதுபோக ஆர்ட்டிகிள் 142ன்னு ஒண்ணு, கையில இருக்கற வழக்குல "முழுமையான நீதி" கிடைக்க எது தேவையோ அதை சுப்ரீம் கோர்ட் உத்தரவா போடலாம். அதைப் பத்தி அப்புறம் வர்றேன். வேலித் தகராறுக்கு இதெல்லாம் ஒத்து வராது, அது சிவில் கோர்ட்டு, வேற பாதை. எங்கப்பா முதல்ல "ரிட்டு போட்டா சீக்கிரம் முடியுமாமே"ன்னு கேட்டப்ப வக்கீல் சிரிச்சுட்டு, உங்க பங்காளி என்ன கவர்மெண்டாண்ணே-ன்னு கேட்டாரு.

இந்த 13ஐ சுப்ரீம் கோர்ட் ஆரம்பத்துலயே எடுத்து வீசினது நம்ம ஆளுங்க மேலதான். மெட்ராஸ் மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒரு அரசாணை இருந்துச்சு, காலேஜ் சீட்டை ஜாதிவாரியா பிரிச்சுக் குடுக்கறது. செண்பகம் துரைராஜன்னு ஒரு பெண் எனக்கு மெடிக்கல் சீட்டு கிடைக்காமப் போகும்னு கேஸ் போட்டாங்க. (அவங்க அந்தக் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடலங்கிறது தீர்ப்புலயே இருக்கு, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.) மெட்ராஸ் ஹைகோர்ட் ஜி.ஓ.வை அடிச்சுப் போட்டுச்சு, 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. பெரியார் ஏற்கனவே தெருவுல இறங்கியாச்சு, மாகாணமே கொதிச்சுது. ரெண்டே மாசத்துல, ஜூன்ல, பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தையே திருத்தி, பின்தங்கின வகுப்புகளுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம்னு 15(4)ன்னு ஒரு பிரிவைச் சேத்துருச்சு. முதல் திருத்தமே அதுதான். கோர்ட்டு இல்லன்னு சொல்லுச்சு, ஜனங்க விடல, சட்டம் மாறிடுச்சு. அப்ப ஓட்டு வாங்காத ஜட்ஜு சொன்னதே கடைசி வார்த்தைன்னு எங்க தம்பி சொல்றானே, அது எப்பவும் அப்படி இல்ல.

அப்ப பார்லிமெண்ட் சொன்னா எதை வேணா மாத்தலாமான்னா, அதுக்குத்தான் கேசவானந்த பாரதி கேஸ். காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தோட சாமியாரு, கேரளா நிலச் சீர்திருத்தத்துல மடத்து நிலம் போகுதேன்னு போனாரு. பதிமூணு ஜட்ஜு, அறுபத்தெட்டு நாள் விசாரணை, 1973 ஏப்ரல் 24 தீர்ப்பு, ஏழுக்கு ஆறு. எதை வேணா திருத்திக்கோ ஆனா அரசியல் சட்டத்தோட அடிப்படைக் கட்டமைப்புல கைய வைக்காதேன்னு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல வந்துச்சு. மறுநாளே சீஃப் ஜஸ்டிஸ் சிக்ரி ரிட்டயர்டு. அடுத்து சீனியாரிட்டி வரிசைல இருந்த மூணு பேரு, ஷெலத், ஹெக்டே, குரோவர், மூணு பேருமே அரசுக்கு எதிரா எழுதினவங்க, அவங்களை அப்படியே தாண்டி ஏ.என்.ரேயை சீஃப் ஜஸ்டிஸ் ஆக்கினாங்க. மூணு பேரும் ராஜினாமா பண்ணிட்டாங்க. எங்க பெரியப்பா முதுகு வலின்னாரே, டெல்லில அதைக் கூட சொல்லல.

அடுத்த ரெண்டு வருஷம் இன்னும் மோசம். 1975 ஜூன் 12, அலகாபாத் ஹைகோர்ட்ல ஜக்மோகன்லால் சின்கான்னு ஒரு ஜட்ஜு, நாட்டோட பிரதமர் ரேபரேலில ஜெயிச்சது செல்லாதுன்னு தீர்ப்பு எழுதுறாரு. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஹைகோர்ட் ஜட்ஜு, ஒரு டைப்ரைட்டர், அவ்வளவுதான் அவருகிட்ட இருந்தது. பதிமூணாவது நாளு எமர்ஜென்சி. அதுக்குள்ள ஆளுங்களை விசாரணையே இல்லாம மிசா சட்டத்துல தூக்கி உள்ள வைக்கிறாங்க, ஆட்கொணர்வு மனு போட்டா ஒன்பது ஹைகோர்ட்டு விசாரிக்கலாம்னுதான் சொல்லுச்சு, ஆனா 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், நாலுக்கு ஒண்ணு, எமர்ஜென்சி இருக்கற வரைக்கும் அந்த மனு போடவே முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அந்த விசாரணைல ஜஸ்டிஸ் ஹெச்.ஆர்.கன்னா அட்டர்னி ஜெனரலைக் கேட்டாரு, ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகைல ஒருத்தனைச் சுட்டுக் கொன்னா அப்பவும் கோர்ட்ல ஒண்ணும் பண்ண முடியாதான்னு. எமர்ஜென்சி இருக்கற வரைக்கும் முடியாதுன்னு பதில் வந்துச்சு. கன்னா மட்டும் தனியா எதிர்த்து எழுதினாரு. மறு வருஷம் ஜனவரில அவரையும் தாண்டி வேற ஒருத்தரை சீஃப் ஜஸ்டிஸ் ஆக்கினாங்க, அவரும் கிளம்பிட்டாரு.

இந்த இடத்துலதான் எனக்கு கோபம் வேற மாதிரி வருது. அமீனாகிட்ட கடப்பாரை இல்ல, புரியுது. ஆனா அந்த நாலு ஜட்ஜும் பேப்பரைக் கூட படிக்க மாட்டேன்னுட்டாங்களே. கை இல்லாதவனுக்கு வாய்தான் ஆஸ்தி, அதையும் மூடிக்கிட்டா மிச்சம் என்ன. அந்தத் தீர்ப்பைத் தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே ஒத்துக்கிட்டது 2017ல, அந்தரங்க உரிமை கேஸ்ல. அதை எழுதினது டி.ஒய்.சந்திரசூட், 1976ல தப்பா எழுதின நாலு பேர்ல ஒருத்தர் அவரோட அப்பா. நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. எங்க கேஸ் பதினாறுதான், பரவால்ல.

சரி, தமிழ்நாட்டுக்காரனுக்கு கோர்ட்டுக்கு கை கிடையாதுன்னு புரிய வைக்க இவ்வளவு தூரம் போகவே தேவையில்ல, காவிரின்னு சொன்னாப் போதும். நடுவர் மன்றம் 1990ல போட்டாங்க, இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரில வந்துச்சு, பதினேழு வருஷம். அதுக்கப்புறமும் தண்ணி வரணும்னா ஒவ்வொரு வறட்சிக்கும் டெல்லிக்கு ஓடணும். 2016 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? பத்து நாளைக்கு வினாடிக்கு 15,000 கனஅடி விடுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. பெங்களூர்ல பஸ்ஸைக் கொளுத்துனாங்க. ஆர்டரைக் குறைச்சாங்க. கடைசில கர்நாடகா சட்டசபை கூடி, இருக்கற தண்ணி குடிக்கத்தான், வேற எதுக்கும் கிடையாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. கிருஷ்ணராஜசாகர் அணைல ஷட்டரைத் தூக்குறது ஒரு ஊழியர், அவருக்கு சம்பளம் குடுக்கறது கர்நாடகா. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜு போயி ஷட்டர் வீலைச் சுத்த முடியுமா?

2018 பிப்ரவரி 16, கடைசித் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் குடுத்த 192 டிஎம்சியை 177.25 ஆக்கிட்டாங்க, அந்த வயித்தெரிச்சல் இன்னும் டெல்டாக்காரங்களுக்குப் போகல. ஆனா அந்தத் தீர்ப்புல இன்னொண்ணு இருந்துச்சு, ஆறு வாரத்துல ஒரு ஸ்கீம் போடுன்னு சென்டரைச் சொன்னாங்க. சென்டர் என்ன பண்ணுச்சு, ஆறு வாரமும் முடிஞ்ச கையோட வந்து "ஸ்கீம்னா என்ன அர்த்தம்"னு கேட்டுச்சு. தமிழ்நாடு அவமதிப்பு வழக்கு போட்டுச்சு. இழுத்து இழுத்து ஜூன் மாசம்தான் காவிரி மேலாண்மை ஆணையம் கெஜட்ல வந்துச்சு. அதுக்கும் ஷட்டரைத் தூக்குற கை கிடையாது, ஆனா மாசா மாசம் உக்காந்து அளவு பாக்கறதுக்கு கண்ணாவது வந்துச்சு. அர்த்தம் என்னன்னு கேக்கறது பழைய டெக்னிக்தான். எங்க டிக்ரில, அதாவது தீர்ப்போட வந்த உத்தரவுல, "வண்டிப் பாதை"ன்னு இருந்துச்சு, பெரியப்பா வக்கீல் நிறைவேற்று மனுவுல எதிர்மனு போட்டு, எந்த வண்டி, மாட்டு வண்டியா டிராக்டரான்னு தெளிவா இல்லன்னு ஆறு மாசம் ஓட்டினாரு.

எங்க கேஸைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா பேப்பர்ல வர்ற கோர்ட்டு வேற, இது வேற. 2007ல போட்டோம். எங்க டவுன் கோர்ட்டு பழைய ஓட்டுக் கட்டடம், வாசல்ல புளிய மரம், காலைல பத்தரைக்கு டவாலி வெளிய வந்து பேரை மூணு தடவை கூப்பிடுவாரு. அப்பா பேரைக் கூப்பிட்டதும் "ஆஜருங்கய்யா"ன்னு ஓடுவாரு, உள்ள பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைச் சொல்வாரு, வெளிய வந்துருவாரு. முழுசா அரை நிமிஷம். அதுக்கு ரெண்டு பஸ் மாறி, கூலி ஆளை விட்டுட்டு, வக்கீல் குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் குடுத்து. வாய்தா தேதி எல்லாம் ஒரு எல்ஐசி டைரில எழுதி வச்சிருக்காரு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காரணம். ஜட்ஜு லீவு. ஜட்ஜு டிரான்ஸ்ஃபர். எதிர் வக்கீல் வரல. வக்கீல்கள் புறக்கணிப்பு. கமிஷனர் ரிப்போர்ட் வரல. நம்ம வக்கீல் வீட்டுல கல்யாணம், இது ரெண்டு தடவை இருக்கு. அந்த டைரியை யாராவது ஒரு சட்டக் காலேஜ்ல பாடமா வச்சா, ஆர்ட்டிகிள் நம்பர் எதுவும் தெரியாமலே பசங்களுக்கு பாதி விஷயம் புரிஞ்சிடும்.

முன்சீப் கோர்ட் தீர்ப்பு தமிழ்ல இருந்துச்சு, அப்பா அதை உக்காந்து முழுசா படிச்சு, தான் சொன்ன சாட்சியம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அடிக்கோடு போட்டு வச்சிருக்காரு. ஹைகோர்ட் தீர்ப்பு இங்கிலீஷ். ஏழு பக்கம். செகண்ட் அப்பீல்ல சட்டப் பிரச்சனை பெருசா ஏதாவது இருந்தாத்தான் எடுப்பாங்க, இதுல அப்படி எதுவும் இல்லன்னு தள்ளுபடி, நல்ல தீர்ப்புதான், ஆனா அவரோட நிலத்தைப் பத்தி, அவரோட பாதையைப் பத்தி எழுதின ஏழு பக்கத்தை நான் போன்ல மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு. அரசியல் சட்டம் ஆர்ட்டிகிள் 348ல ஹைகோர்ட் மொழி இங்கிலீஷ்னு இருக்கு, ஆனா ஜனாதிபதி சம்மதிச்சா கவர்னர் வேற மொழிக்கு அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உ.பி., ம.பி., பீகாருக்கு ஹிந்தி கிடைச்சிருக்கு. தமிழ்நாடு 2006லயே சட்டசபைல தீர்மானம் போட்டு கேட்டாச்சு, கிடைக்கல. ஹைகோர்ட்ல இங்கிலீஷ் வேணும்னு சொல்ற வக்கீல் நண்பர்கள் எனக்கும் இருக்காங்க, அவங்க காரணமெல்லாம் கேட்டாச்சு, எங்கப்பா அடிக்கோடு போட முடியாத தீர்ப்பு எனக்கு அரைத் தீர்ப்புதான்.

இப்ப அந்த 142க்கு வர்றேன். கோர்ட்டு அடுத்தவன் கையை நம்பாம தானே கையை நீட்டுற இடம் அது. பேரறிவாளன் கேஸ் எல்லாருக்கும் தெரியும். 1991ல உள்ள போனவரு, தூக்கு, 2014ல ஆயுளாச்சு. 2018 செப்டம்பர்ல விடுதலை பண்ணலாம்னு தமிழ்நாடு கேபினட் கவர்னருக்கு எழுதுது. ஆர்ட்டிகிள் 161ல கேபினட் சொன்னா கவர்னர் கட்டுப்படணும், அதான் சட்டம். கவர்னர் மாளிகைல ஃபைல் அப்படியே கிடந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல, அப்புறம் ஜனாதிபதிதான் முடிவு பண்ணணும்னு அங்க தள்ளி விட்டாங்க. 2022 மே 18 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட், இனி யாரையும் கேக்கல நானே விடுறேன்னு 142ஐ வச்சு அவரை விடுதலை பண்ணுச்சு. அவரை விடணுமா வேணாமாங்கறதுல இதைப் படிக்கிற உங்களுக்கே ரெண்டு கருத்து இருக்கும், அதுக்குள்ள நான் போகல. நான் பாக்கறது அந்த ஃபைலை மட்டும். ஒரு ஃபைல் மேல கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதும் பவர்தான், எங்க பெரியப்பா கட்டில்ல உக்காந்திருந்தாரே அதே பவரு.

அதோட அடுத்த கட்டம்தான் கவர்னர் கேஸ். சட்டசபை நிறைவேத்தின பில்லு, பெரும்பாலும் யுனிவர்சிட்டி துணைவேந்தர் நியமனம் பத்தினது, கவர்னர்கிட்ட கிடந்துச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் போனதும் திருப்பி அனுப்பினாரு, 2023 நவம்பர் 18 ஸ்பெஷலா கூடி பத்து பில்லையும் மறுபடி நிறைவேத்தி அனுப்பினா அதை ஜனாதிபதிக்கு அனுப்பிட்டாரு. 2025 ஏப்ரல் 8, ஜஸ்டிஸ் பர்திவாலா, ஜஸ்டிஸ் மகாதேவன் ரெண்டு பேரும், இது தப்பு, கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் கெடு இருக்கு, இந்தப் பத்து பில்லும் ஒப்புதல் கிடைச்ச மாதிரியேதான்னு 142ல சொல்லிட்டாங்க. கையெழுத்தே இல்லாம பத்து சட்டம் கெஜட்ல வந்துச்சு. அன்னைக்கு எங்க குரூப்ல வெடி போடாத குறை.

அப்புறம் ஜனாதிபதி ஆர்ட்டிகிள் 143ல பதினாலு கேள்வி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கே அனுப்பினாங்க. 2025 நவம்பர் 20, சீஃப் ஜஸ்டிஸ் கவாய் தலைமைல அஞ்சு ஜட்ஜு, கோர்ட்டு இப்படி கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் குடுத்த மாதிரின்னு கோர்ட்டே சொல்லிக்கவும் முடியாது, ஆனா ரொம்ப நாள் காரணமே இல்லாம கிடப்புல போட்டா முடிவெடுன்னு மட்டும் கோர்ட்டு சொல்லலாம்னு கருத்து சொன்னாங்க. எனக்கு இதுல ரெண்டு மனசு. ரெண்டு ஜட்ஜு உக்காந்து ஜனாதிபதிக்கு மூணு மாசம் கெடுன்னு எழுதறது அரசியல் சட்டத்துல எந்த வரில இருக்குன்னு கேட்டா எனக்கும் பதில் இல்ல, தம்பி கேட்டதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. நாளைக்கு எனக்குப் பிடிக்காத விஷயத்துக்கு இதே 142 வந்து நிக்கும். ஆனா முடிவெடுன்னு மட்டும்தான் சொல்லலாம்னா, கட்டில்ல உக்காந்திருக்கற ஆளுகிட்ட போயி மறுபடி பேப்பர் படிக்கற மாதிரிதானே. முதுகு வலின்னு சொன்னா என்ன பண்றது?

மாமா சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. ஜட்ஜுங்க எல்லாம் யோக்கியம்னு நான் சொல்லவே வரல. ஜட்ஜை ஜட்ஜே தேர்ந்தெடுக்கற கொலீஜியம் எனக்குப் பிடிக்காது, அதுக்குப் பதிலா பார்லிமெண்ட் கொண்டு வந்த கமிஷனை 2015ல அவங்களே அடிச்சுப் போட்டாங்க, பூட்டிய ரூமுக்குள்ள யாரு யாரைச் சொன்னாங்கன்னு நமக்குத் தெரியப் போறதில்ல. ஒரு ஜட்ஜை நீக்கறதும் லேசுல நடக்காது. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த நம்ம ஊர் வி.ராமசாமி மேல 1993ல லோக்சபால தீர்மானம் வந்துச்சு, விசாரணைக் கமிட்டி பல குற்றச்சாட்டு உண்மைன்னு சொல்லியும், எதிர்த்து ஒரு ஓட்டு கூட விழாமலே தீர்மானம் தோத்துச்சு, ஏன்னா காங்கிரஸ் ஓட்டே போடாம உக்காந்துருச்சு. பாத்தீங்களா, அங்கயும் சும்மா உக்காந்தே ஜெயிச்சிருக்காங்க.

நிறைவேற்று மனுன்னா என்னன்னு சட்டம் படிக்காத யாருக்கும் தெரியாது, கேஸ் ஜெயிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும். 1872லயே லண்டன்ல பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கு, இந்தியாவுல வழக்காடறவனுக்கு கஷ்டம் ஆரம்பிக்கறதே டிக்ரி வாங்கினதுக்கப்புறம்தான்னு. நூத்தம்பது வருஷம் தாண்டியாச்சு. 2025 மார்ச்ல தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு சொத்து கேஸ்ல, 1986ல போட்டது அது, சுப்ரீம் கோர்ட் கடுப்பாகி, நாடு முழுக்க எவ்வளவு நிறைவேற்று மனு தேங்கிக் கிடக்குன்னு எல்லா ஹைகோர்ட்டையும் கணக்கு கேட்டுச்சு, ஆறு மாசத்துல முடிங்கன்னும் சொல்லுச்சு. வந்த கணக்கு எட்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல. அத்தனையும் ஜெயிச்ச கேஸு. ஆறு மாசம்னு 2021லயும் ஒரு தடவை சொல்லியிருந்தாங்க. சுப்ரீம் கோர்ட் சொன்னதை முன்சீப் கோர்ட்ல நிறைவேத்தறதுக்கு யாரு நிறைவேற்று மனு போடறது?

எங்களுக்கு ரெண்டாவது அமீனா 2024ல வந்தாரு. முதல்ல வந்தவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. இந்தத் தடவை போலீஸ் பாதுகாப்புக்கு மனு போட்டு, ஆர்டரை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு நாலு நடை நடந்து, திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை எல்லாம் முடிஞ்சு ரெண்டு கான்ஸ்டபிள் கிடைச்சாங்க. கடப்பாரை, நாலு ஆளு, ஜேசிபி வாடகை எல்லாம் நாங்க. பெரியப்பா அன்னைக்கு ஒண்ணுமே பேசல, கட்டில்லயே இருந்தாரு. ஒவ்வொரு கல்லும் வர்றப்ப அடில ஈரமண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, பதினேழு வருஷம் இறுகின மண்ணு. அப்பா ஒவ்வொண்ணையும் எண்ணினாரு. பதினாலு. அமீனா பேப்பர்ல எழுதினாரு, கான்ஸ்டபிள்ங்க சாட்சிக் கையெழுத்து போட்டாங்க. ஈகோர்ட்ஸ் ஆப்ல எங்க கேஸோட சிஎன்ஆர் நம்பரைப் போட்டா இப்ப கேஸ் முடிஞ்சதுன்னு காட்டுது, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

நேத்து ராத்திரி அப்பா போன் பண்ணாரு. பெரியப்பா ஒரு வாரமா பாதைக்கு நடுவுல முளைக்குச்சி அடிச்சு மாட்டைக் கட்டுறாராம். வக்கீல்கிட்ட கேக்கவான்னேன், புதுசா மனு போடணும்பாரேன்னும் சொன்னேன்.

"வேணாம்டா, நானே அவுத்து விட்டுட்டேன்"ன்னாரு.

"சரிதான், அப்புறம்?"

"அது நேரா நம்ம சோளத்துல பூந்துருச்சு."